நுகாடாவும் மூன்று நாற்பத்திரண்டு வண்டியும்

“நான் பொறந்து முப்பத்தொம்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு வண்டியக்கூட விட்டதில்ல. இனியும் விடமாட்டேன். என் சவப்பெட்டிகூட குறிச்ச நிமிஷத்துலதான் வாசலத் தாண்டும். எழுதி வெச்சுக்குங்க.”

எங்கள் ரயில் அலுவலகத்தின் ஆண்டிறுதி விருந்தில், மூன்றாவது குவளை பியரைக் கையில் ஏந்தியபடி நுகாடா இவ்வாறு முழங்கினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமென்றால் அது பொய்யாக இருந்திருக்க வேண்டும்.

நாங்கள் கால அட்டவணைப் பிரிவுக்காரர்கள். பெரிய தாளில் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் அது ஒரு வண்டி. கோட்டை அழித்தால் வண்டி இல்லை. கடவுளுக்கு அடுத்தபடியாக இப்படி ஒரு வசதி எங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது. மற்றவர்கள் நாங்கள் இந்த வல்லமையைச் சாயங்காலம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புவோம். நுகாடா அதை வீட்டுக்கும் எடுத்துப் போனார். கல்யாணத்தன்று மணப்பெண் யுகாரி ஏழு நிமிடம் தாமதமாக வந்தாள். கிமோனோவின் இடுப்புப் பட்டை சரியாக நிற்கவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருடமாக அந்த ஏழு நிமிடம் அவர்கள் வீட்டில் ஐந்தாவது ஆளாகக் குடியிருக்கிறது. மற்ற நான்கு பேர் நுகாடா, யுகாரி, எட்டு வயது கென்தா, ஐந்து வயது மாஹோ.

பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நுகாடாவுக்குப் பெயர் ‘அப்பா’தான். யுகாரியும் அப்படியே கூப்பிடுவாள். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் ‘தலைவரே’ என்பாள்.

அந்தப் பட்டம் கையேட்டிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தைத்துக் கொடுப்பார்கள். எத்தனை மணிக்குக் கூடுவது, எதைக் கொண்டுவருவது, யாருக்கு என்ன பொறுப்பு எல்லாம் அதில் இருக்கும். ஆகஸ்டில் ஒரே ஒரு நாள் குடும்பத்தோடு கடலுக்குப் போய் வருவதற்கு நுகாடாவும் அப்படி ஒன்று தயாரித்தார். பன்னிரண்டு பக்கம், நான்கு பிரதி. தலைவர்: அப்பா. உடல்நலம்: அம்மா. குப்பை: கென்தா. பாட்டு: மாஹோ. தின்பண்டம் முந்நூறு யென்னுக்குள்.

“வாழைப்பழம் தின்பண்டத்துல சேருமாப்பா?” என்று கென்தா கேட்டான். இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளை எங்கள் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

“ஏழாம் பக்கம், கீழ்க்குறிப்பு. படிச்சுட்டுப் பேசு.”

நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘10.05 முதல் 10.50 வரை: கடலில் இறங்குதல். மாஹோ: தொப்புள் வரை.’

இந்தத் தொப்புளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. மாஹோவுக்கு அலை என்றால் பயம். போன வருடம் அவள் கணுக்கால் வரை போனாள். அங்கே போய்ச் சேர அவளுக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. சரி, முழங்காலையும் பார்த்துவிடலாம் என்று அவள் மனம் கனிந்த நொடியில் தலைவர் வந்து, அவளை அரிசி மூட்டைபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். வண்டி கிடைத்தது. இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க அவள் அழுதாள். மழலைப் பள்ளியில் டீச்சர் விசாரித்தபோது, “நான் போறதுக்குள்ள கடலை மூடிட்டாங்க” என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

இந்த வருடம் அந்தச் சாக்குச் செல்லாது. பக்கத்து இருக்கை ரினோ, “எனக்குப் போன வருஷமே தொப்புள் நனைஞ்சிடுச்சு” என்று வகுப்பு நடுவில் அறிவித்துவிட்டாள். மாஹோவும் எழுந்து நின்று, “எனக்கு இந்த வருஷம் நனையும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு மாதமாகக் குளியல் தொட்டியில் பயிற்சி. தொட்டியில் அலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

“அப்பா, தொப்புள் நனையறதுக்கு முன்னாடி நம்ம கெளம்பிடுவோமா?” என்று தொட்டிக்குள்ளிருந்து கேட்டாள்.

“அதெப்படி? நாப்பத்தஞ்சு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன் உனக்கு. ஒரு தொப்புளுக்கு அது தாராளம்.”

ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை முடிந்துவிட்டால் கடலில் ஜெல்லி மீன் மொய்த்துவிடும், எவரும் இறங்கமாட்டார்கள். ஆகையால் அதற்கு முந்திய சனிக்கிழமை 7.14 வண்டியில் குடும்பம் புறப்பட்டது. 9.02க்கு ஷிராயுரா ஸ்டேஷனில் இறங்கியது. அங்கே நடைமேடையிலிருந்து பார்த்தால் கடல், கடலிலிருந்து பார்த்தால் நடைமேடை. நடுவில் ஒரு தண்டவாளக் கடவும் நாற்பது அடி மணலும்தான். 9.15க்குப் பாய் விரித்தார்கள். 9.40க்குத் தலைவர் விசில் ஊதி, தண்ணீரில் இறங்குமுன் செய்ய வேண்டிய உடற்பயிற்சியைத் தொடங்கினார். கை மேலே, கை கீழே, இடுப்பைச் சுற்று. அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பதினொரு பேர், யார் இவர் என்று கேட்காமலே வந்து வரிசையில் நின்றுகொண்டார்கள்.

“உங்க பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்க சார்?” என்று பக்கத்துப் பாய்க்காரர் கேட்டார்.

“ரெண்டுதான்,” என்றாள் யுகாரி. “மூணாவது விசில் ஊதுது.”

10.05 ஆயிற்று. கடல் கையேட்டைப் படித்திருக்கவில்லை. ஒரு அலை வந்தது. மாஹோ திரும்பிப் பார்க்காமல் ஓடிப் பாய்க்கு வந்து, துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

“என்ன ஆச்சு?” என்றார் நுகாடா.

“அந்த அலை என்னையே பாத்துக்கிட்டு வருது.”

“அலைக்குக் கண்ணு கிடையாதும்மா.”

“கண்ணு இல்லாமலே இவ்ளோ கரெக்டா வருதே!”

அண்ணன் கென்தா மூழ்கி எழுந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக, “பயந்தாங்கொள்ளி! தொப்புளாம் தொப்புளு! நீ நேரா தண்ணித் தொட்டியில போய் உக்காரு!” என்றான். அவன்மீது ஒரு பிளாஸ்டிக் மண்வெட்டி பறந்து வந்தது. 10.50 கடந்தது. நுகாடா பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கையேட்டில் ஏதோ திருத்தினார். யுகாரி எட்டிப் பார்த்தாள். மணல் கோட்டை ரத்து, கண்ணைக் கட்டித் தர்ப்பூசணி உடைத்தல் பத்து நிமிடமாகக் குறைப்பு, ‘மாஹோ: 45 நிமிடத் தாமதம்’.

“தலைவரே, புயல் அடிச்சா இப்படித்தான் வண்டியெல்லாம் மாத்துவீங்களா?”

“புயலைக்கூடச் சமாளிச்சிடலாம்,” என்றார் நுகாடா.

மதியச் சாப்பாடு கடல்வீட்டில். கோடையில் மட்டும் மணலில் முளைக்கும் ஓலைக் கொட்டகைதான் அது. அதை நடத்துபவர் இவாசே. வெயிலில் காய்ந்து சுட்ட கணவாய் மீன் நிறத்துக்கு வந்துவிட்ட மனிதர், கணவாய் சுட்டுக்கொண்டிருந்தார். நான்கு தட்டு கறிச்சோறு கொண்டுவந்து வைத்தவர், கையேட்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

“மூணு நாப்பத்திரண்டு வண்டிக்கா? அத விட்டா அப்புறம் அஞ்சு அம்பதுதான், பாத்துக்குங்க. முன்னெல்லாம் நடுவுல நாலே முக்காலுக்கு ஒண்ணு ஓடிச்சு. எவனோ ஒருத்தன் ஆபீசுல குளுகுளுன்னு உக்காந்துக்கிட்டு ரப்பர வெச்சு அழிச்சுட்டான்.”

“அப்படியா!” என்றாள் யுகாரி, கண்களை அகலத் திறந்து. “யாருங்க அப்படிச் செஞ்சது?”

“எனக்கென்ன தெரியும். அவன் ஜென்மத்துல ஒரு நாளாவது கடலுக்கு வந்திருப்பானா? புள்ளைங்க தண்ணிய விட்டு வெளிய வர எவ்ளோ நேரம் ஆகும்னு அவனுக்குத் தெரியுமா?”

“எங்களுக்கு உள்ள போகவே நேரம் ஆகுது,” என்றான் கென்தா.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க சார்?” என்று இவாசே நுகாடாவைக் கேட்டார்.

“கோடு போடுற வேலை,” என்றார் நுகாடா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

“ஓ, ஓவியரா!”

யுகாரிக்குக் கறிச்சோறு புரையேறிவிட்டது. உண்மை என்னவென்றால், அந்த நாலே முக்கால் வண்டியை அழித்த ரப்பர் நுகாடாவினுடையது. ‘அந்த நேரத்தில் ஷிராயுராவில் காத்திருக்க யாருக்கும் அவசியம் இல்லை’ என்று குறிப்பும் அவர்தான் எழுதினார். அதை அன்று ஒருமனதாக ஆமோதித்தவர்கள் நாங்கள். ஆகையால் நாங்களும் அதிகம் சிரிப்பதற்கில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மாஹோ ஒரு முடிவோடு எழுந்தாள். ஒரு மணிக்குக் கட்டைவிரல். ஒன்றே முக்காலுக்குக் கணுக்கால். அலை வந்தால் பின்னால் மூன்று எட்டு, அலை போனால் முன்னால் நான்கு எட்டு. மொத்தத்தில் ஒவ்வொரு அலைக்கும் ஒரு எட்டு லாபம். இந்தக் கணக்கில் தொப்புள் எத்தனை மணிக்கு என்று நுகாடா மனதுக்குள் போட்டுப் பார்த்தார். 3.50 வந்தது. மறுபடி போட்டார். 3.50தான் வந்தது.

3.10க்கு, கையேட்டில் கண்டபடி, அவர் குளித்து, உலர்ந்த கால்சட்டையும் சட்டையும் காலுறையும் தோல் காலணியும் அணிந்துகொண்டார். யுகாரி பாயைச் சுருட்டினாள். கென்தா குப்பையைக் கட்டினான். 3.25 ஆயிற்று. மாஹோ தொடை வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா, போய்க் கூட்டிட்டு வாங்க,” என்றாள் யுகாரி. அவள் கேலி செய்யவில்லை. அது நுகாடாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் தண்ணீர் விளிம்பில் போய் நின்றார். மாஹோ திரும்பினாள். அவர் போட்டிருந்த உலர்ந்த சட்டையைப் பார்த்தாள். போன வருடமும் இதே சட்டைதான்.

“கூட்டிட்டுப் போக வந்தியாப்பா?” உதடு துடித்தது. ஆனாலும் அழவில்லை. “இன்னும் இவ்ளோதான் இருக்கு.” விரலால் தொடையிலிருந்து தொப்புளுக்கு அளந்து காட்டினாள். ஒரு சாண் இருக்கும். “நீ தூக்கிடுவியா?”

பிறகு நுகாடா செய்ததை யுகாரி என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அவளாலேயே நம்ப முடியவில்லை. உலர்ந்த கால்சட்டையோடு, காலுறையோடு, தோல் காலணியோடு, ஒன்றையும் மடித்துவிடாமல், அவர் அப்படியே தண்ணீருக்குள் நடந்தார். மகளுக்குப் பக்கத்தில் போய், அவளைப்போலவே கரைக்கு முதுகு காட்டி நின்று, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“தூக்கல. நீயே வா.”

ஒரு எட்டு. அலை வந்தது, மாஹோ கீச்சென்று கத்தினாள், ஆனால் பின்வாங்கவில்லை. பின்வாங்க விடாமல் அவர் பிடித்திருக்கவுமில்லை. கைகள் லேசாகத்தான் கோத்திருந்தன. இன்னொரு எட்டு.

அப்போது தண்டவாளக் கடவில் மணி அடிக்கத் தொடங்கியது. காங், காங், காங். குறுக்குக் கம்புகள் இறங்கின. ஸ்டேஷன் படிக்கட்டருகே நின்ற கென்தா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, “அப்…” என்று தொடங்கினான். யுகாரி கையிலிருந்த வாழைப்பழத்தை முழுசாக அவன் வாயில் செருகினாள்.

இரண்டு பெட்டி வண்டி வளைவில் திரும்பி வந்தது. மாஹோ தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தாள்.

“அப்பா! வண்டி வந்துடுச்சு. அது நம்ம வண்டியா?”

பதினாறு வருடமாக அந்தப் பாதையில் ஓடும் எல்லா வண்டியின் ஓசையையும் தூக்கத்தில்கூட இனம் கண்டு சொல்லக்கூடியவர் நுகாடா.

“இல்லம்மா,” என்றார். “அது வேற எங்கயோ போற வண்டி.”

வண்டி நின்றது. குடையோடு ஒரு அம்மாள் இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. வண்டி ஒரு நொடியும் பிசகாமல் கிளம்பிற்று. சத்தம் தேய்ந்து சுரங்கப்பாதைக்குள் போய் மறையும்வரை நுகாடா திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த அலை சற்றுப் பெரியதாக எழும்பி வந்து, மாஹோவின் நீச்சலுடையில் தொப்புளுக்கு நேரே இருந்த மஞ்சள் வாத்தை முழுக்க நனைத்துவிட்டுப் போனது.

“நனைஞ்சிடுச்சு! அப்பா, நனைஞ்சிடுச்சு! இன்னொரு தடவை நனைக்கட்டுமா? இல்ல, போகணுமா?”

நுகாடாவின் கால்சட்டையும் தொடை வரை நனைந்திருந்தது. அவர் அவள் கையை இன்னும் விடவில்லை.

“நனைம்மா,” என்றார். “நேரம் இருக்கு.”