விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது.

ஹைதராபாத்தில் மௌலா அலிக்கும் மல்காஜ்கிரிக்கும் நடுவே, நாலா என்கிற கழிவுநீர்க் கால்வாயின் மேல் ஒரு பழைய கல் பாலம். அதைப் பராமரிக்கும் அரசு இன்ஜினீயர் நான். ஐ.டி. கம்பெனிகள் வந்தாலும் வந்தன, அபார்ட்மென்ட் கட்ட மணல் லாரிகள் ஓயாமல் அதன்மேல் ஓடின. வளைவின் அடியில் விரிசல் விட்டது. விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டுகளை சிமென்ட் வைத்து ஒட்டுவோம். கண்ணாடி உடைந்தால் விரிசல் பெரிதாகிறது என்று அர்த்தம். ஒட்டிய மூன்றும் உடைந்தன. எழுதி எழுதிக் கை ஓய்ந்தபிறகு, ரிப்பேருக்கு மத்திய அரசு நிதி தரலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் வேண்டாமென்று எழுதிவிட்டால் அவ்வளவுதான். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இன்னும் ஏழு பிள்ளைகளோடு ஸ்கூல் ஆட்டோவில் தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் போய்வருவாள்.

அவர் வருவதற்கு முதல் நாள் மேஸ்திரியிடம், “பெரியவர் வர்றார், கொஞ்சம் சுத்தமா வைங்க” என்று சொன்னது நான்தான். மேஸ்திரி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; ‘ஆமாம்’ என்பதற்கு அந்த ஊர் உருதுவில் ‘ஹவ்’ என்பார். காலையில் போய்ப் பார்த்தால் பாலம் கல்யாண வீடு மாதிரி நிற்கிறது. கைப்பிடிச் சுவரில் வெள்ளையும் காவியும். அடியில் சுண்ணாம்பு பூசி விரிசலையே காணோம். மூன்று கண்ணாடியும் புத்தம் புதுசு!

“என்னய்யா பண்ணித் தொலைச்சிருக்கீங்க?”

“ஹவ் சார், ஒடஞ்ச கண்ணாடிய பெரிய சாப் பாத்தா உங்களுக்குத்தானே கெட்ட பேரு? அதான் மாத்திட்டேன்.”

அவரை என்ன சொல்ல? எந்த அதிகாரி வந்தாலும் எங்கள் ஆபீசில் அதுதானே வழக்கம். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

காலையில் வரவேண்டிய அதிகாரி மத்தியானம் மூன்றரைக்கு வந்தார். என்னோடு பாலத்தின் அடியில் இறங்கிப் பார்த்தார். “கண்ணாடியெல்லாம் முழுசாத்தானே இருக்கு? பாலத்துக்கு என்ன குறை?” என்றார் இந்தியில். இது புதுசாக மாற்றிய கண்ணாடி என்று சொல்லிப் பழைய போட்டோக்களை நீட்டினேன். எந்தப் பாலத்தின் போட்டோவோ என்று திருப்பித் தந்தார். “பத்து நிமிஷம் நில்லுங்க சார், லாரி போகட்டும்” என்று கெஞ்சினேன். வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு லாரி போனது. தலையில் மண் உதிர்ந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. இன்னொன்று போனது. ம்ஹூம். உடைஞ்சு தொலையேன் சனியனே என்று மனசுக்குள் கத்தினேன். வேண்டாத சாமி இல்லை. அதிகாரி கிளம்பத் திரும்பினார். மூன்றாவது லாரி முழு பாரத்தோடு பாலத்தில் ஏறியது. வளைவுக்கு வெளியே தலையை நீட்டி மேலே எட்டிப் பார்த்தேன். அதன் பின்னாலேயே ஒரு மஞ்சள் ஆட்டோ. வெளியே தொங்கிய பச்சைத் தண்ணீர் பாட்டில் என் மகளுடையது.

ஐயோ, வேண்டாம். இப்போ உடையாதே. உனக்குப் புண்ணியமாப் போகும், உடையாதே.

டிக் என்று ஒரு சத்தம். நடுக் கண்ணாடி இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் மேலே ஓடினேன். ஆட்டோ அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அதிகாரி பிளந்த கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று, நிதி உடனே தேவை என்று ஃபைலில் எழுதினார். மேஸ்திரி சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையை உருவிக்கொண்டு, ஆட்டோ போன பக்கம் பார்க்க மறுபடி மேலே ஏறினேன்.

அன்று சாயந்திரமே லாரிகளைத் தடுத்தோம். ஆட்டோ, ஸ்கூட்டர் போகலாம், ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட்டது நான்தான். நிதி வந்து வேலை தொடங்குவதற்குள் ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது.

மறுநாள் காலை மகளை ஆட்டோவில் ஏற்றவில்லை. ஸ்கூட்டரில் உட்காரவைத்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய் ஸ்கூலில் விட்டேன். “எந்துக்கு நான்னா?” என்றாள், எதற்கப்பா என்று. தமிழில் கேட்டால் அவளுக்குத் தெலுங்கில்தான் பதில் வரும், கேள்வியும் அப்படித்தான். ஏன், அப்பாவோட வரப் பிடிக்கலையா என்று மழுப்பினேன். பாலத்து வேலை முடியும்வரை அப்படியே ஓட்டினேன். மற்ற ஏழு பிள்ளைகளும் அதே ஆட்டோவில் அந்தப் பாலத்தின் மேல்தான் போனார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.