வருமானச் சான்றிதழும் கேசரியும்

கல்லூரியில் நான் சேர்வதற்கு முன்பே என் மனம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. மைசூரில் எங்கள் தெருமுனையில் நின்றால் கல்லூரியின் தூங்குமூஞ்சி மரங்கள் தெரியும். மாலையில் இலை மூடிக்கொள்ளும் அந்த மரங்களுக்கு அடியில், புத்தகத்தோடு நடந்துபோகும் என்னை நானே பார்த்துக்கொண்டிருப்பேன். "கண்ணத் தொறந்துட்டே தூங்குது பாரு" என்பாள் அம்மா.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பி.யு.சி. முடித்திருந்தேன். அந்த வருடம் பார்த்து பட்டப்படிப்புக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து பிழைக்க வந்த அப்பா, கொத்தனார். அவரால் ஆகிற காரியமில்லை. அரசாங்க உதவித்தொகை கிடைத்தால் கல்லூரி. இல்லையென்றால் வீட்டிலிருந்து ஊதுவத்தி உருட்ட வேண்டியதுதான். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத் தாலுகா ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்க்க வருவார் என்றார்கள்.

யார் எதற்கு வந்தால் என்ன, அம்மாவுக்கு விருந்தாளி விருந்தாளிதான். எதிர்வீட்டிலிருந்து இரண்டு நாற்காலியும் டேப் ரெக்கார்டரும் வந்தன. டிரங்குப் பெட்டி மேல் பூப்போட்ட விரிப்பு. முந்திரி போட்ட கேசரி. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் எனக்குத் தலைநிறைய மல்லிகை வேறு. அந்த வாசனையில் நானும் கிறங்கிப்போய், எல்லாம் என்னைக் கல்லூரிக்கு அனுப்பும் சடங்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கேசரியை ரசித்துச் சாப்பிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "என்னம்மா, இதெல்லாம் உங்களுதா?" என்றார்.

"நம்முளுதுதானுங்க" என்றாள் அம்மா, நிமிர்ந்து நின்று.

நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர் முன்னால் அவளைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை. சில நாளில் சான்றிதழ் வந்தது. உதவித்தொகை வாங்க முடியாத அளவுக்கு எங்களுக்கு வருமானம் இருப்பதாக எழுதியிருந்தது.

அந்த வருடம் முழுக்க ஊதுவத்தி உருட்டினேன். வாசனையைப் பிறகு கம்பெனியில்தான் ஏற்றுவார்கள். நாங்கள் உருட்டுவது வெறும் கரிப்பொடி. கை தன் பாட்டுக்கு உருட்டும். நான் மரங்களுக்கு அடியில் நடந்துகொண்டிருப்பேன். பகல்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. அம்மா மேல் எனக்குக் கோபம் இருந்தது. சொல்லவில்லை. அவளும் கேசரி கிண்டுவதையே விட்டுவிட்டாள்.

மறுவருடம் மறுபடியும் விண்ணப்பித்தேன். அதே இன்ஸ்பெக்டர் வந்தார். பாய் மட்டும் விரித்திருந்தது. அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள்.

"போன வருஷம் இருந்த சேர், டேப் எல்லாம் எங்கேம்மா?"

அம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அதெல்லாம் இரவலுங்க. எதுவுமே நம்முளுது இல்லீங்க. அப்பவே சொல்லியிருக்கோணும்."

அவர் தண்ணீரைக் குடித்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். "வீட்டுக்கு வந்த மனுசன வெறுந்தண்ணியோட அனுப்பிப்போட்டனே, கண்ணு."

ஒரு வருடமாக வைத்திருந்த கோபம் எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

உதவித்தொகை கிடைத்தது. கல்லூரியின் முதல் நாள் மதியம், மரத்தடியில் தனியாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தேன். முந்திரி போட்ட கேசரி.