நகத்தளவு பாண்

என் கணவர் முப்பது வருஷம் அக்குறணைப் பக்கம் ஒரு பேக்கரியில் பாண் சுட்டவர். மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி, விடாத இருமலாகி, இனி மாவுப் பக்கமே போகக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டின் ஜன்னலோரக் கதிரையில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். இருமலைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கோ கை சும்மா இருக்காது. மகள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பொலிமர் களிமண்ணில் குட்டிக் குட்டிச் சாமான்கள் செய்வேன். பிசைந்து, உருவம் கொடுத்து, சின்னக் கரண்ட் ஓவனில் சுட்டெடுத்தால் இறுகிவிடும். அந்த மழைக்காலத்தில் ஒரு பேக்கரியே செய்யத் தொடங்கினேன், சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும் பேக்கரி. பாண் வேகும் செங்கல் போறணை, தட்டு நிறையப் பணிஸ், நகத்தளவு பாண். பழைய பல் பிரஷ்ஷால் குத்தினால் சொரசொரப்பு வரும். பழுப்புச் சோக்குக்கட்டியைச் சுரண்டித் தடவினால் மேல்தோல் சிவக்கும். வெளியே மலை பனிக்குள் கரைந்துபோயிருக்கும் பின்னேரங்களில் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் நானே அதற்குள் நடப்பேன். போறணைச் சூடு முகத்தில் படும். அங்கே அவர் பனியனோடு நின்று, இருமாமல், என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருநாள் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"பாண் அப்பிடித் தனித்தனியா வராது. போறணைக்குள்ள ஒட்டிக்கிட்டுத்தான் வேகும். பிச்சு எடுத்தா பக்கமெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கணும்."

மூன்று மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். சந்தோஷம் தலைக்கேறி, "அப்ப நீங்களே சுட்டுக் குடுங்க," என்றேன்.

களிமண் உறையில் பதினைந்து நிமிஷம் என்று போட்டிருந்தது. கடதாசியைப் பார்த்துப் பாண் சுடுகிறவரா அவர்? ஓவனைத் திறந்து ஒரு பாணை அமுக்கினார், மெத்தென்று இருந்தது. சுண்டினார், வெந்த பாணின் சத்தம் வரவில்லை. "இன்னும் வேகல," என்று திரும்ப உள்ளே வைத்தார். இந்தக் களிமண் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் இறுகும். அதை அவருக்குச் சொல்லத் தோன்றாமல் நான் கொடியில் துணி எடுக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை. பாண்கள் கரிக்கட்டை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமிக்கொண்டிருந்தார். அவரை வாசலுக்கு இழுத்துவந்து, பயத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். "முப்பது வருஷம் சுட்ட மனுசனுக்கு இந்த நகத்தளவு பாண் சுடத் தெரியலையா?"

இருமல் அடங்கியதும், "கைக்கு மறந்துபோச்சு," என்றார். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. களிமண்ணின் குணத்தை அப்போதுதான் விளக்கினேன். யானைக்கும் அடி சறுக்கும்தானே என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் பழையபடி போய்க் கதிரையில் உட்கார்ந்தார். போனது என் மூன்று வார வேலை மட்டுமல்ல, திரும்பி வந்த மனுசனும்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை தேத்தண்ணீரோடு போனால் கதிரையில் ஆளில்லை. மேசையருகே நின்று, மிச்சமிருந்த களிமண் முழுவதையும் ஒன்றாக்கி, உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திரும்பத் தள்ளிப் பிசைந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் பேக்கரியில் நான் பார்த்த அதே வேகம். தோளிரண்டும் ஆடின. இப்போது இருமப்போகிறார் என்று வாசற்படியிலேயே நின்றேன். களிமண் வழவழத்து மின்னுகிற வரைக்கும் நின்றேன். இருமல் வரவே இல்லை.

அவர் இரண்டு கைகளையும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தூசியே பறக்கல, புள்ள," என்றார்.

தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.