கமலாவின் மூக்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயும்

கமலா இறந்த செய்தி வந்தபோது நாங்கள் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம். தானா ராத்தா மருத்துவமனையிலிருந்து அவர் கணவர் அழைத்தார். "போயிட்டா குணா. காலையில டீ கேட்டா, குடிக்கல" என்றார்.

மலைமேல் கோலா தெர்லாவில் எங்கள் சோப்புப் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்குக் கமலாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பலர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, வேதியியல் படித்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு மலைக்கே திரும்பியவர். செய்வது அவர், விற்பது நான் என்று பேசிக்கொண்டுதான், எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்த குளியல் சோப்புத் திரவத்தைத் தொடங்கினோம்.

முதல் சரக்கு மலையிலேயே உள்ள கியா பார்ம் கடைகளில் அமோகமாக விற்றது. துணிந்து கீழே ஈப்போவுக்கும் அனுப்பினேன். சில வாரங்களில் கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். திரவம் பழுப்பேறி, எண்ணெய் மேலே தனியாக மிதந்தது. வாசனை போன இடம் தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்த்தவர்கள் நாங்கள். கீழே வெயில் அடிக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. அதன்பின் ஒவ்வொரு புதுச் சரக்கிலும் ஒரு புட்டி, காய்கறி லோரியின் முன்கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து கீழே போய் வந்தது. "இதுக்கும் டிக்கெட் போடணும்லா" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். கமலா சிரிக்காமல், "வெயில் படுற மாதிரி வைங்க. துணி போட்டு மூடாதீங்க" என்பார்.

ஒரு மழைக்காலத்துக்கு முன் ஹோட்டல் ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. அது அமைந்தால் பட்டறைப் பெண்களுக்கு மழை முடியும்வரை வேலை நிச்சயம். புது எண்ணெய் வரத் தாமதமானது. பாதி தீர்ந்த பழைய டின் ஒன்று கையிருப்பில் இருந்தது. இந்தக் குளிரில் என்ன கெட்டுவிடப் போகிறது என்றேன். கமலா மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"குளிரு மட்டும் போதாது குணா. டின்ல பாதி காத்து. அந்தக் காத்துதான் எண்ணெயக் கெடுத்துருச்சு. வார்னிஷ் மாதிரி அடிக்குது பாருங்க. இதப் போட்டா தோல் அரிக்கும்."

எனக்கு எலுமிச்சைப்புல் வாசம்தான் அடித்தது. அதையும் சொன்னேன். "உங்களுக்குச் சளி" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஆர்டர் கைநழுவிப் போனது. எனக்குக் கோபமான கோபம். ஆனால் பட்டறையில் வேலை பார்த்த தேவகியின் கோபத்தில்தான் நியாயம் இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டறைச் சம்பளத்தையே நம்பியிருந்தவர் அவர். "உங்க மூக்குக்குப் புடிக்கலன்னா நாங்க பட்டினி கெடக்கணுமாக்கா?" என்று நேராகவே கேட்டார். கமலா கைவேலையைக் கீழே வைத்தார். "என்மேல கோவப்படு, தப்பில்ல. ஆனா இத உன் புள்ளைங்க மேல தேய்ப்பியா?" என்றார். தேவகி ஸ்ட்ராபெரித் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். மழை முடிந்ததும் கமலாவே போய் அழைத்து வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவரும் எனக்குச் சொன்னதில்லை.

கமலாவை எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று எழுதினால் பொய். அவர் இல்லாத பட்டறைக்குள் நுழையக் கால் வரவில்லை என்பது உண்மை.

காரியம் முடிந்தபின் பட்டறையைத் திறந்தோம். மறுபடியும் மழைக்காலம், மறுபடியும் ஒரு ஹோட்டல் ஆர்டர். கமலா மருத்துவமனையில் இருந்தபோது நாங்களே கலந்த சரக்கு தயாராக இருந்தது. தேவகி ஒரு புட்டியைத் திறந்து முகர்ந்தார். இன்னொன்றையும் திறந்தார்.

"அண்ணே, இது சரியில்ல. அனுப்பாதீங்க."

எனக்கு அப்போதும் நல்ல வாசம்தான் அடித்தது. அனுப்பாவிட்டால் மழை முடியும்வரை சம்பளம் இல்லை என்பது என்னைவிடத் தேவகிக்கு நன்றாகத் தெரியும். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டேன். "யோசிச்சுத்தாண்ணே. வேற வேலை பாத்துக்கலாம்" என்று மூடியைத் திருகினார்.

ஹோட்டல் மேனேஜரை அழைத்து, இந்தச் சரக்கை அனுப்ப முடியாது என்றேன். கமலாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்கியது. கமலாவுக்கு ஒருநாளும் நடுங்கியதில்லை.