வாய் திறந்த மட்டி

இன்று மீன் கடையில் மட்டிச் சிப்பி வாங்கினேன். கடைக்காரம்மா சொன்னார்: "அவிச்சதும் வாய் திறக்காதது முன்னாடியே செத்தது சார். அதத் தூக்கிப் போட்டுருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அறுபதுகளில், சின்னாளபட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பாவின் நண்பர், நூல் வியாபாரி, தூத்துக்குடியிலிருந்து ஈரச்சாக்கில் மட்டி கொண்டுவந்தார். "மத்தியானம் சாப்பிட வாரேன்" என்று கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார்.

அம்மா மட்டியை அன்றுதான் பார்க்கிறார். கீறல் விட்ட தேங்காயைக்கூட வாங்காதவர். கொதிக்கும் பானையில் மட்டிகள் வாய் பிளந்ததும், "இம்புட்டும் கெட்டுப்போச்சே" என்று அவற்றையெல்லாம் குப்பையில் கொட்டினார். மூடிக் கிடந்த ஏழெட்டை மட்டும் அப்பா சுத்தியலால் உடைத்துக் கொடுக்க, குழம்பு வைத்தார்.

நண்பர் இலையைப் பார்த்தார். "மத்ததெல்லாம் எங்க தங்கச்சி?"

"எல்லாம் வாயப் பொளந்துருச்சுண்ணே. நல்லதா இருந்தது இம்புட்டுத்தான்."

அவர் குழம்புச் சட்டியை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "இந்த வெயிலுக்கு மட்டி ஒத்துக்காது, யாரும் திங்க வேணாம். ரசம் ஊத்து" என்றார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

தன் ரசத்துக்கு முன்னால் மட்டி நிற்காது என்று அம்மா கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று எல்லா மட்டியும் வாய் திறந்துவிட்டது. இருந்தாலும் ரசமும் வைத்திருக்கிறேன். சாப்பிட யார் வருகிறீர்கள்?