கிறிஸ்துதாஸ் ஜூம் லென்ஸ் வாங்குகிறார்

எதிர்ச்சாரி மருந்துக்கடையின் பெயர்ப்பலகையைக் கிறிஸ்துதாஸ் மறுபடியும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நிற்கிறார். காஞ்சிபுரம் பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்று ஆட்களை இறக்குகிறது. கண்டக்டர் விசில் கொடுத்து பஸ் நகரும்வரை நம்மவர் அசைவதில்லை. பிறகு ஒரு கிளிக். லென்ஸின் வளையத்தை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, அதே பலகைக்கு இன்னொரு கிளிக்.

அந்தப் பலகையில் புதிதாக ஒன்றும் கிடையாது. போன மாதமும் அதே எழுத்துகள்தான், போன வருஷமும் அதே எழுத்துகள்தான். மருந்துக்கடைக்காரர் ஆரம்பத்தில் தன்மேல் யாரோ வழக்குப் போடப்போகிறார்கள் என்று பயந்துபோனார். இப்போது பழகிவிட்டது. தாஸ் கேமராவைத் தூக்குவதைக் கண்டால், துணியால் பலகையின் தூசியைத் தட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார்.

விஷயம் இவ்வளவுதான். தாஸ் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கப்போகிறார். மூன்று வருஷமாக வாங்கப்போகிறார்.

வாலாஜாபாத்தில் ஜாஸ்மின் ஸ்டூடியோ என்றால் எல்லாருக்கும் தெரியும். ஜாஸ்மின் அவருடைய மகள். ஸ்டூடியோவுக்கு மேலே மாடியில் குடியிருப்பவன் நான். மறைமலை நகரில், தகட்டை அழுத்திக் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. காலையில் ஷிப்டு பஸ்ஸுக்கு இறங்கும்போது ஒருமுறை, மாலையில் திரும்பி ஏறும்போது ஒருமுறை இந்த மனிதரிடம் மாட்டிக்கொள்வேன். "சார், ஒரு நிமிசம்" என்பார். அவருடைய ஒரு நிமிஷத்தில் ஒரு படி அரிசி வெந்து, வடிந்து, ஆறியும் போய்விடும்.

நாற்பது தாண்டிய ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை. பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் லென்ஸ் துடைக்கும் சின்ன பிரஷ். வைத்திருப்பது ஒரு ஜப்பான் கேமரா. அதன் லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு வேறு லென்ஸ் மாட்டலாம். மாட்டுவதற்குத்தான் வேறு இல்லை. கூடவே வந்த லென்ஸ் எதையும் கிட்டே இழுக்காது, தள்ளியும் காட்டாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் தாஸ்தான் நடந்து கிட்டே போக வேண்டும். முகூர்த்த நேரத்தில் மணமேடைமேல் ஏறி, ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் தலையை நுழைப்பார். தாலி கட்டுகிற நொடியில் பந்தல் முழுக்கத் தெரிவது தாஸின் முதுகுதான். "யோவ் போட்டோக்காரரே, உன் முதுவப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று அட்சதையை அவர்மேலேயே எறிந்த கிழவிகள் உண்டு. காஞ்சிபுரத்து சாம்ராஜ் ஒரு ஜூம் லென்ஸ் வாங்கி, மேடைக்குக் கீழே நின்றபடியே மணப்பெண்ணின் கண்ணீரைப் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து, நல்ல கல்யாணங்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன.

தாஸுக்கு லென்ஸ்களைக் கொண்டுவருகிறவர் தணிகாசலம். பர்மா பஜாரில் எடுத்து, ரெக்சின் பையில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக பஸ்ஸில் சுற்றி ஸ்டூடியோக்காரர்களிடம் விற்கிறவர். தாஸுக்கு மட்டும் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். "வச்சிப் பாரு. புட்ச்சா எடு, புடிக்கலன்னா குட்த்துரு. ஆனா முன்கண்ணாடி மேல ஒரு கறை பட்டாலும் மாலு உன்துதான். நா திருப்பித் தொட மாட்டேன்" என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அதனால் தாஸ் லென்ஸைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுகிறார். பிறந்த குழந்தையைக்கூட அப்படிக் கழுவிய கையால் தூக்கியதில்லை என்று அவர் மனைவி அன்னபுஷ்பம் சத்தியம் செய்கிறார்.

வாரம் முடிவதற்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். ஒரு லென்ஸ் "வெளிச்சத்தக் குடிக்குது சார்." இன்னொன்று, "இழுத்தா வருது, கேமராவக் கவுத்தா தானா எறங்குது, கொஞ்சமாச்சும் வெக்கம் கீதா பாரு." மூன்றாவதற்கு மூலை சரியில்லை. இந்த மூலைப் பிரச்சினையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிட்டது. மருந்துக்கடைப் பலகையின் படத்தை மூக்குக்கு நேரே நீட்டி, பூதக்கண்ணாடியைக் கையில் திணிப்பார்.

"நடுவுல பாரு சார், கல்வெட்டு மாதிரி கீது. இப்ப மூலைக்கு வா. அந்தக் கடேசி எழுத்து அவிஞ்சிபோயி கீதா இல்லியா?"

"தாஸ், கல்யாண போட்டோல மூலைய எவன் பாக்கப் போறான்?"

"மூலைல நிக்கிறவன் பாக்க மாட்டானா சார்?"

பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே வைத்துவிட்டு மாடியேறினேன்.

அவர் யோசனை கேட்காத ஆள் இல்லை. பால்காரரைக் கேட்டாயிற்று. கண் டாக்டரை, என்ன இருந்தாலும் அவரும் லென்ஸ்காரர்தானே என்று, சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து கேட்டாயிற்று. கோயில் போதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜெபம் பண்ணி முடிவெடுங்கள் என்றாராம். "ஜெபம் பண்ணிட்டேங்கய்யா. கர்த்தரு எத்தினி மில்லிமீட்டர்னு சொல்லலியே" என்று தாஸ் நிஜமான வருத்தத்தோடு பதில் சொல்லியிருக்கிறார்.

இந்த ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்குப் போயிற்று. போன வருஷமே எடுத்திருந்தால் என்று தணிகாசலம் ஆரம்பித்தார், அன்னபுஷ்பம் முடித்தார். "எங்கப்பா வூட்ல நா ஒரே பொண்ணு சார். அதான் கல்யாணம் ஆச்சி. தங்கச்சின்னு ஒருத்தி இருந்திருந்தா, இந்த மனுசன் இன்னும் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துகினு பஜ்ஜி துன்னுகினு ஒக்காந்திருப்பாரு." தாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியும் நடந்திருக்கலாம் என்று யோசிப்பதுபோல் இருந்தது அவர் முகம்.

இந்த லட்சணத்தில்தான் நான் ஒரு புத்திகெட்ட காரியம் செய்தேன். எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு முதலாளி பம்பாயிலிருந்து வருகிறார், படம் எடுக்க ஆள் தெரியுமா என்று பெர்சனல் ஆபீசர் கேட்டார். நாக்கில் சனி. தாஸ் பெயரைச் சொல்லிவிட்டேன். பெரிய பிரஸ் மெஷினைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். வெளியாள் யாரும் அதைத் தாண்டக்கூடாது. கோட்டுக்குள் நடக்கிற பூஜையை வெளியில் நின்றே எடுக்க வேண்டும். படம் நன்றாக வந்தால் இனி வருஷம் முழுக்கக் கம்பெனியின் படவேலை எல்லாம் தாஸுக்கு. இல்லாவிட்டால் சாம்ராஜுக்கு. செய்தி கேட்ட அன்னபுஷ்பம் ஏசுநாதர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். "இந்த வேல மட்டும் நெலச்சிதுன்னா ஸ்டூடியோவ மூடாம தப்பிச்சிருவோம் சார்" என்று என்னிடம் சொன்னார்.

பூஜைக்கு முந்தின வாரம் தணிகாசலம் இரண்டு லென்ஸ்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குட்டை, இடுக்கான இடத்திலும் கூட்டம் மொத்தத்தையும் அடக்கும். நெட்டை, தூரத்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுவரும். ஒன்று வாங்குவதற்கே அன்னபுஷ்பத்தின் வளையல்கள் அடகுக்குப் போக வேண்டும். இரண்டு என்பது பேச்சுக்கே இல்லை.

"தொழிலாளிங்க அத்தினி பேரும் வேணும்னா இது. கோட்டுக்கு அப்பால மொதலாளி மூஞ்சி வேணும்னா அது. நீயே சொல்லு சார், எத்த விட?"

"ஏதாச்சும் ஒண்ண விட்டுத் தொலைங்க தாஸ்!"

"அதான் எத்த?"

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பூஜை நாள் காலையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலில் வந்து நின்றார். அன்று மாலை தணிகாசலம் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எதை என்பது தாஸுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது.

ஷெட்டே அடையாளம் தெரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பெரிய பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வைத்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு நீள மேஜை. அதன்மேல் ஸ்பானர், சுத்தியல், அளவு பார்க்கிற வெர்னியர் எல்லாம் பூஜைக்காக வரிசையாகப் படுத்திருந்தன. மேஜையின் ஓரத்தில் தாஸ் தன் கடையைப் பரப்பினார். இரண்டு லென்ஸையும் நிமிர்த்தி நிறுத்தினார். குட்டையின் மூடியைக் கழற்றினார். எதை மாட்டுவது என்று என்னைக் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, தள்ளி நின்ற ஒரு வெல்டரைக் கேட்கப் போனார். "எது கனமோ அத்த மாட்டு நைனா" என்று வெல்டர் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் கன்னியப்பன் சந்தனக் கிண்ணத்தோடு மேஜைக்கு வந்தார். பிள்ளைப்பாக்கத்து ஆள். ஆறு வருஷமாக எங்களிடம் தற்காலிகத் தொழிலாளி. அவரை நிரந்தரமாக்கலாம் என்று சிபாரிசு செய்ய வேண்டியவர் லைன் சூப்பர்வைசர் அண்ணாதுரை. இந்த மாதம் செய்துவிடுவார் என்று பேச்சு. கன்னியப்பன் வேலையைச் சிரத்தையாகச் செய்தார். ஒவ்வொரு சாமானுக்கும் முகம் எதுவென்று பார்த்து, அங்கே சந்தனம், அதன்மேல் குங்குமம். ஸ்பானருக்குத் தலையில் வைத்தார். சுத்தியலுக்கு நெற்றியில் வைத்தார். குட்டை லென்ஸுக்கு முகம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கண்ணாடியின் நட்டநடுவில், விரல் நிறைய எடுத்து, ஒரு பெரிய பொட்டு. மூடியோடு நின்ற நெட்டையை ஏதோ டப்பா என்று நினைத்து விட்டுவிட்டார். நான் பார்த்துக் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தாஸ் ஓடிவந்து பார்த்தார். பையிலிருந்து பிரஷை எடுத்தார். ஈரச் சந்தனத்தை பிரஷ் என்ன செய்யும், மறுபடியும் பையிலேயே வைத்தார். துடைத்தால் போகும்தான். ஆனால் சந்தனத்தின் நறநறப்பு கண்ணாடியில் கீறல் போடாமல் விடாது. குங்குமம் வேறு வளையத்தின் இடுக்கில் இறங்கிவிட்டது. தணிகாசலம் இனி இதைத் தொடமாட்டார். ஆண்டவன் மன்னிக்கட்டும், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. மூன்று வருஷமாக முடிவாகாத விவகாரத்தை ஒரு விரல் சந்தனம் முடித்துவைத்துவிட்டது. குட்டை நம்முடையது. நெட்டை பர்மா பஜாருக்குத் திரும்பட்டும்.

அதற்குள் அண்ணாதுரை வந்துவிட்டார். முதலாளியின் கார் கேட்டுக்குள் நுழைந்த பதற்றம் வேறு அவருக்கு.

"யோவ் கன்னியப்பா, கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனக்கு? இன்னா சாமான் தெரியுமாய்யா அது? பெரியவரு வர்ற நேரத்துல என் மானத்த வாங்கறியே!"

"தொழில் சாமான் எல்லாத்துக்கும் வைக்கச் சொன்னாங்க சார்," என்றார் கன்னியப்பன். "வெளியாளாச்சே, அவரு சாமான மட்டும் உட்டா மனசு கஷ்டப்படுவாரேன்னு..."

"நீ கிழிச்சது போதும். நாளைலேர்ந்து லைனுக்கு வராத. உனக்குப் போயி சிபாரிசு பண்ண இருந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான் சார் வைக்கச் சொன்னேன்" என்றார் தாஸ்.

அண்ணாதுரை திரும்பினார். "நீ வேதக்காரன்தானேய்யா? உனக்கெதுக்கு சந்தனம்?"

"எனக்கா வச்சாரு? லென்ஸுக்குத்தான சார் வச்சாரு."

"கண்ணாடி மேலயா?"

"ஆமா சார். கண்ணாடி மேலதான்."

அண்ணாதுரை சூப்பர்வைசர். பொய்யில் எங்கே ஓட்டை என்று தேடியே பழகின கண். மேஜையை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப அந்த இன்னொண்ணுக்கு ஏன் வைக்கல?"

நான் தாஸுக்கு ஜாடை காட்டினேன். அது தணிகாசலத்தின் சரக்கு என்று சொன்னால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். எப்படியும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வார் என்று நம்பினேன். நேரம் எடுத்துக்கொள்ளாமல் அந்த மனிதர் எதைத்தான் செய்தார்?

"அதுக்குத்தான் சார் வந்துகினு இருந்தாரு. நீ நடுவுல பூந்துட்ட" என்றார் தாஸ்.

நெட்டை லென்ஸை எடுத்தார். மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடி மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் தாங்கி, அதைக் கன்னியப்பனின் சந்தனக் கிண்ணத்துக்கு நேரே நீட்டினார்.