சாய்ந்த கோனை நிமிர்த்தியவன்

குடும்பக் காரில் ஆட்டோகிராஸ் ஓட்டும் சக பாவப்பட்ட ஜீவன்களே, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் புழுதி கிளப்பிய அதே வண்டியில்தான் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போயாக வேண்டும் என்பதே நம் தொழிலின் தலையாய கஷ்டம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலி மைதானத்தில் ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் கோன்களை வைத்து, வளைந்து வளைந்து பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்குத்தான் ஜெயம். கோனைச் சாய்த்தால் நேரத்தில் சில நொடிகளைக் கூட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வீடு பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெருவில். வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், காலை ஷிஃப்ட். நான் வண்டியைக் கிளப்புகிற நேரம் பார்த்துத்தான் தெருவில் பாவு நீட்டுவார்கள். புடவையின் நீளவாட்டு இழைகள் மொத்தத்தையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்களின் மேல் தாங்க வைத்துக் கஞ்சி போடுவார்கள். மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு கார் வயிற்றை எக்கிக்கொண்டு போகலாம். அந்த நேரத்தில் எந்த வண்டிக்கும் தெருவுக்குள் அனுமதி கிடையாது. எனக்கு மட்டும் எதிர்வீட்டு தேவராஜ் அண்ணன் எல்லாரிடமும் பேசிச் சலுகை வாங்கிக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். மூங்கில் காலில் வண்டி பட்டால் அங்கேயே நிறுத்தி, இறங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியை மெயின் ரோட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளையாருக்கு வந்த சோதனை

முதல் போட்டிக்குப் போன அன்று, வண்டியைச் சோதனை போட ஒரு பெண் வந்தாள். என் மகள் வயசு இருக்கும். ஓடும்போது உருளக்கூடிய எதுவும் வண்டிக்குள் இருக்கக் கூடாதாம். சரி என்று இறக்க ஆரம்பித்தேன். குடை, தலையணை, மகளின் தண்ணீர் பாட்டில், அர்ச்சனைத் தேங்காய் மூடி, மூன்று மாதமாக என் மனைவி தேடிக்கொண்டிருந்த ஒற்றைச் செருப்பு. இறக்க இறக்க வந்துகொண்டே இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் வீடு காலி செய்கிறேன் என்றே நினைத்திருப்பார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால், அந்தப் பெண் முன்கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பிள்ளையாரை விரலால் ஆட்டிப் பார்த்தாள். அவரும் ஆடினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர் அந்த இடத்தை விட்டு அசைந்ததே இல்லை. அவர் இல்லாமல் நான் எப்படி ஓட்டுவேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

“அண்ணா, இவருக்கு மட்டும் சீட் பெல்ட் இல்ல. இறக்கிடுங்க.”

இறங்கினேன்

பிள்ளையார் துணையில்லாமல் கிளம்பிய முதல் ஓட்டம். இரண்டாவது வளைவிலேயே ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்து நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்வதே தப்பு. என் கால் செய்தது, கை செய்தது. பிரேக்கை மிதித்தேன், கதவைத் திறந்தேன், ஓடிப்போய்ச் சாய்ந்த கோனை நிமிர்த்தினேன். நேராக நிற்கிறதா என்று இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை பார்த்தேன். யாராவது திட்டுகிறார்களா என்று சுற்றும் முற்றும் வேறு பார்த்தேன்.

மொத்த மைதானமும் என்னையே பார்த்தது. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மைக் பிடித்தவர் வாயைத் திறந்தபடி நின்றார். போட்டி நடத்துகிற பிரவீன் என்ற பையன் பதறிப்போய் ஓடி வந்தான். எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்தானாம். எங்கள் தெரு மூங்கில் கால் விஷயத்தைச் சொன்னதும் என் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்:

“அண்ணா, இது பிளாஸ்டிக். இதுக்கு வீட்டுக்காரங்க யாரும் கிடையாது.”

பக்கத்து சீட்

என் மனைவி கலைச்செல்வி ஒருநாள் வந்தாள். பக்கத்தில் ஆள் உட்காரலாம், ஹெல்மெட் போட்டால் போதும் என்றார்கள். மல்லிகைப் பூ நசுங்குகிறதே என்ற கவலையோடுதான் ஏறினாள். முதல் வளைவில் என் சட்டையைப் பிடித்தாள். அடுத்ததில் காமாட்சியைக் கூப்பிட்டாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

வண்டி நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ‘இனிமேல் இந்தப் பக்கம் வந்தால் பார்’ என்று சொல்லப் போகிறாள் என்றே காத்திருந்தேன். அவள் யோசித்ததோ வேறு.

“இவ்ளோ வேகம் தெரிஞ்சி வச்சிக்கினுதான், ஐயம்பேட்டைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறப்ப மட்டும் ஷேர் ஆட்டோவுக்கெல்லாம் வழி விட்டுக்கினு வந்தீங்களா?”

கோப்பை

இறங்குகிற வியாதியை ஒழிக்கப் பிரவீன் ரொம்பப் பாடுபட்டான். வேண்டுமென்றே பாதை ஓரத்தில் கோன் வைத்து, என்னை இடிக்கச் சொல்லுவான். ‘டொக்’ கேட்டால் பிரேக்கைத் தொடக் கூடாது, ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு இடிக்கும் நெஞ்சு பதறியது. வாரக்கணக்கில் இதையே செய்தோம். மெல்ல மெல்ல மரத்துப் போனது.

அடுத்த போட்டியில் ஒரு கோனைச் சாய்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடும்பக் கார் பிரிவில் மூன்றாவது பரிசு. அந்தப் பிரிவில் எத்தனை கார் ஓடியது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிரவீன் சொன்னான்:

“பாருங்கண்ணா, கோனை மறந்தீங்க, கோப்பை வந்துச்சி.”

திங்கட்கிழமை

மறுநாள் காலை. தேவராஜ் அண்ணன் வீட்டுப் பாவு, மாம்பழக் கலர், கஞ்சி ஈரத்தோடு தெருவில் பளபளவென்று கிடந்தது. வழக்கம்போல் ஓரமாக ஊர்ந்து போனேன். இடது பக்கக் கண்ணாடியில் ‘டொக்’.

கால் மிதித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தது.

தெருமுனைக்குப் போன பிறகுதான் கூச்சல் காதில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு மூங்கில் கால் கீழே கிடக்கிறது. பாவு தொய்ந்து மண்ணைத் தொடுகிறது. வீட்டிலிருந்த எல்லாரும் ஓடிவந்து கையில் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஷிஃப்டை மறந்து, நானும் ஒரு பக்கம் பாவைத் தாங்கி நின்றேன். அறுந்த இழைகளை அண்ணி ஒவ்வொன்றாக முடிந்தார். மண் பட்ட இடத்தை அண்ணன் துடைத்துக்கொண்டே வந்தார். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் பாவு பழையபடி நின்றுவிட்டது. நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அண்ணன் கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“கால் சாஞ்சதுக்கு ஒண்ணும் இல்லபா, யார் வண்டி பட்டாலும் சாயும். நீ நிக்காம போன பாரு, அதான் எங்களுக்குத் தூக்கிப் போட்டுச்சி.”

இப்போது கோப்பை வீட்டில் இருக்கிறது, கார் மெயின் ரோட்டில் நிற்கிறது, நடுவில் உள்ள தெருவைத் தினமும் காலையில் நான் நடந்தே கடக்கிறேன், அதுவும் மூங்கில் கால்களைத் தொடாமல் ஓரமாக.